உப்புக்காற்றில் அழாத டோனட்

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நவம்பர் மாதம், அவள் பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்க 48 குட்டிச் சாக்லேட் டோனட் செய்தேன். முந்தின நாள் இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளேஸில் (மேலே பூசுகிற சர்க்கரைப் பூச்சு) முக்கி எடுத்தேன். காயவே மாட்டேன் என்கிறதே என்று ட்ரேயோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. என் கைக்கு நானே சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. டப்பாவில் அடுக்கி, மூடியை இறுக்கி அனுப்பிவைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறந்திருக்கிறார்கள். சாயங்காலம் மகள் காலி டப்பாவை அடுக்களையில் வைத்துவிட்டு ஒரே வரி சொன்னாள்: "அம்மா, எல்லாம் அழுதுருச்சு."

டப்பாவின் அடியில் ஒரு குழிக்கரண்டி அளவுக்குப் பழுப்பு நிறச் சர்க்கரைத் தண்ணீர். பிள்ளைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை, விரலை நக்கி நக்கித் தின்றிருக்கிறார்கள். ஆனால் சீருடைச் சட்டைகளில் சாக்லேட் கறையோடு எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்களோ, எத்தனை அம்மாக்கள் என்னை வைதார்களோ.

எங்கள் வீடு மண்டபத்தில். வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு நாக்குமாதிரி நிலம். இங்கே உப்பு ஜாடியில் உப்பு எப்போதும் கசகசவென்றுதான் இருக்கும். காலையில் பிரித்த பிஸ்கட் மாலையில் வளையும். ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் துருவேறிப்போகும். இதெல்லாம் தெரிந்தே, எங்கோ குளிர்ந்த, வறண்ட ஊரில் எழுதின செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. அந்தச் செய்முறையில் "கிளேஸ் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்" என்று இருந்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று இல்லை.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. ஐசிங் சுகரில் பாலைக் கலந்து செய்கிற கிளேஸ், அதிலிருக்கும் தண்ணீர் காற்றில் போனால்தான் இறுகும். எங்கள் ஊர்க் காற்றிலோ ஏற்கனவே இடமில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தது இன்னும் மோசம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்க்கிறதல்லவா, அதே வியர்வைதான் டோனட் மேலும் பூத்தது. சர்க்கரை அந்த ஈரத்தில் கரைந்து வழிந்துவிட்டது. பேக்கரிக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்து நாமும் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். அங்கே எடுத்துக் கொடுத்தவுடன் தின்றுவிடுகிறார்கள், நாம் ஐந்து மணி நேரம் டப்பாவில் வைத்திருக்கிறோம். அந்த வித்தியாசத்தை யோசிப்பதில்லை.

கிளேஸ் கதைக்குத் திரும்ப வருகிறேன், அதுதான் இதில் பெரிய கதை. அதற்கு முன் உள்ளே இருக்கிற டோனட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஓவனில் சுடுகிற இந்தச் சாமான், உண்மையைச் சொன்னால், டோனட் வடிவத்தில் இருக்கும் கேக்தான். அசல் டோனட் ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து எண்ணெயில் பொரிப்பது. அந்த இழுவையும் அந்தக் காற்றோட்டமும் இதில் வராது. வரும் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். ஆனால் ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில் செய்யும்போது அந்தக் குறை தெரியாது. ஒரே கடியில் கேக்கும் மேல்பூச்சும் சேர்ந்து வாய்க்குள் போய்விடுவதால் ஒவ்வொரு கடியிலும் மேல்பூச்சு இருக்கும். பெரிய டோனட்டில் முதல் கடி மட்டும்தான் சுகம்.

நடுவில் துளை எதற்கு என்று மகள் கேட்டாள். அத்தை (என் மாமியார்) பதில் சொன்னார்: "உளுந்த வடைக்கு எதுக்கோ அதுக்குத்தான்." சரியான பதில். துளை இருந்தால் சூடு நடுவிலிருந்தும் ஏறும், நடுப்பகுதி மாவாக நிற்காது. குட்டி டோனட்டில் அந்தத் துளை சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், ஆனால் அதுதான் எட்டு ஒன்பது நிமிடத்தில் வேகவைக்கிறது.

முதலில் எனக்கு டோனட் ட்ரே கிடையாது. குழிப்பணியாரக் கல்லில்தான் ஆரம்பித்தேன். சிறு தீயில் வைத்து மூடிபோட்டு, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிவிட்டால் உருண்டையாக வரும். துளை இருக்காது, அவ்வளவுதான். ஓவன் இல்லாதவர்கள் தாராளமாக இப்படிச் செய்யலாம். குழியில் பாதிக்குமேல் ஊற்றக்கூடாது, தீயைக் கூட்டக்கூடாது. சாக்லேட் மாவு கருகினால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, மூக்கைத்தான் நம்பவேண்டும்.

பிறகு சிலிக்கோன் ட்ரே ஒன்று வாங்கினேன். மடங்குகிறது, கழற்ற எளிது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சிலிக்கோன் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். அடிப்பக்கம் வெளுத்து, ஈரமாக, தொட்டால் விரலில் ஒட்டும் தோலோடு வந்தது. அந்தத் தோல் கிளேஸைத் தாங்காது, உரிந்து வரும். இப்போது 12 குழி உள்ள உலோக ட்ரே இரண்டு வைத்திருக்கிறேன். ஏன் இரண்டு? ஒரு ட்ரேயை வைத்துக்கொண்டு மாவை இரண்டு தடவையாகச் சுட்டால், இரண்டாம் தடவைக்குள் சோடாவின் வேகம் அடங்கிப்போய் டோனட் தட்டையாக வரும். ஒரு ட்ரேதான் இருக்கிறது என்றால் மாவையும் பாதி பாதியாகக் கலக்குங்கள்.

24 குட்டி டோனட்டுக்கு நான் போடும் கணக்கு இது. மைதா 100 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், சர்க்கரை பொடித்தது 90 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், தூள் உப்பு கால் டீஸ்பூன். இவை ஒரு பாத்திரத்தில். இன்னொன்றில் முட்டை ஒன்று, கெட்டித் தயிர் 80 கிராம், வாசமில்லாத எண்ணெய் 45 மில்லி, சூடான காப்பி டிகாஷன் 45 மில்லி, வெனிலா சில சொட்டு. டிகாஷனைக் கடைசியில்தான் ஊற்றவேண்டும், முட்டை வெந்துவிடாமல் கலக்கிக்கொண்டே. காப்பி மணம் தெரியாது. கோகோவின் மணத்தைத்தான் அது தூக்கிவிடும். பிள்ளைகளுக்குக் காப்பி வேண்டாம் என்றால் வெந்நீர் போதும். சூடாக இருப்பதுதான் முக்கியம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தடவை விளையாடிப் பார்த்தேன். வீட்டில் நல்லெண்ணெய்தான் இருந்தது, "என்ன ஆகிவிடும்" என்று ஊற்றினேன். டோனட் எள்ளுருண்டையின் தங்கை மாதிரி மணந்தது. சூரியகாந்தி எண்ணெய் நல்லது. வெண்ணெய் வேண்டாமா என்று கேட்பார்கள். கேக்குக்குள் வெண்ணெய் போட்டால் ருசி கூடும், ஆனால் மறுநாள் இறுகும். எண்ணெய் போட்டது இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். வெண்ணெயை மேல்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோகோவில் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இளம் பழுப்பு நிறத்தில், நாக்கில் வைத்தால் லேசாகப் புளிக்கும் வகை ஒன்று. காரத்தில் (மிளகாய்க் காரமில்லை, புளிப்பை முறிக்கிற காரப்பொருள்) பதப்படுத்தி, கன்னங்கரேலென்று, புளிப்பே இல்லாமல் இருப்பது இன்னொன்று. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். முதல் வகையிலும் தயிரிலும் அது இருக்கிறது. கறுப்பு வகையைப் போட்டால் தயிரின் புளிப்பு மட்டும்தான் துணை, அதனால் கொஞ்சம் புளித்த தயிராக எடுத்துக்கொள்ளவேண்டும். நான் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறேன்.

கோகோ பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணாடி பாட்டிலில் கொட்டி இறுக மூடிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கட்டி கட்டியாகிவிடும். சலிக்காமல் போட்டால் டோனட்டைக் கடிக்கும்போது நடுவில் கசப்பாக ஒரு மாவுக்கட்டி வரும். எனக்கு வந்திருக்கிறது. சோடாவும் அப்படித்தான். ஒரு சிட்டிகை சோடாவில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சும்மா ஈரமானால் அதைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

உப்பை யாரும் விட்டுவிடாதீர்கள். இனிப்புக்கு எதற்கு உப்பு என்று நானும் முதலில் விட்டேன். உப்பு இல்லாத சாக்லேட் டோனட் வெறும் இனிப்பு, சாக்லேட் அதில் எங்கோ பின்னால் நிற்கும். வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிற மாவட்டத்தில் உப்பு போட மறந்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கம். கல் உப்பு என்றால் மிக்ஸியில் நைசாக அடித்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் யாரோ ஒருவர் வாயில் மட்டும் கடல் போகும்.

இரண்டு பாத்திரத்தையும் கலப்பது எப்போது என்பதுதான் எங்கள் ஊருக்கான பாடம். மாவைக் கலந்துவிட்டு ஓவனைச் சூடாக்கப் போனேன், கரண்ட் போய்விட்டது. முக்கால் மணி நேரம். அதற்குள் கிண்ணத்திலேயே பொங்கி, குமிழியெல்லாம் உடைந்து அடங்கிவிட்டது. அன்றைக்குச் சுட்டதைத் துளைபோட்ட பிஸ்கட் என்றுதான் சொல்லவேண்டும். அதிலிருந்து வறண்டதும் ஈரமானதும் தனித்தனியாகவே இருக்கும். ஓவன் சூடேறிவிட்டது, விளக்கு ஆடாமல் எரிகிறது என்று பார்த்த பிறகுதான் கலப்பேன். கலப்பதும் பத்துப் பன்னிரண்டு சுற்று. வெள்ளை மாவுக் கோடு மறைந்ததும் கையை எடுத்துவிடவேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் மைதாவில் இழுவை ஏறி டோனட் ரப்பர் வளையம் ஆகிவிடும்.

விளக்கு ஆடாமல் என்றேனே, அது சும்மா சொன்னதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் ஓவன் கம்பி தரும் சூடு ஐந்தில் மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு அதைவிட வேகமாகக் குறையும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஓவன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர்க்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பகலில் போட்டுப் பார்த்தார், அழகாக வேலை செய்தது. இப்போது மதியம் இரண்டு மணிக்குச் சுடுகிறேன், அல்லது விடியற்காலையில். 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றிவிட்டு, உலோக ட்ரே என்றால் எட்டிலிருந்து பத்து நிமிடம். விரலால் மெதுவாக அழுத்தினால் குழி விழாமல் மேலே வந்தால் எடுத்துவிடலாம். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டியிருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். நானே இரண்டு தடவை தப்பித்திருக்கிறேன்.

ட்ரேயில் மாவை ஊற்றக் கரண்டி உதவாது. குழி சின்னது, நடுத்துளை மேலெல்லாம் வழியும். கழுவித் துடைத்த பால் கவரில் மாவை நிரப்பி, மூலையைப் பென்சில் கனத்துக்கு வெட்டிப் பிழிந்தால் போதும். குழியில் பாதி, கூடினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. முக்கால் நிரப்பினால் பொங்கித் துளையை மூடிவிடும், டோனட் பட்டன் மாதிரி வரும். வெந்ததும் ஐந்து நிமிடம் ட்ரேயிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுக்க ஆறவைக்கவேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது மேல்பூச்சு போட்டால், உள்ளிருந்து வரும் ஆவி அடியிலிருந்தே அதை நனைத்துவிடும்.

இப்போது மேல்பூச்சு.

அந்த நவம்பருக்குப் பிறகு பலதும் செய்து பார்த்தேன். ஐசிங் சுகரைக் கூட்டிப் பாலைக் குறைத்தேன். இறுகியது, ஆனால் சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டியது. கடையில் கிடைக்கும் சாக்லேட் கட்டியை உருக்கி முக்கினேன். ஜனவரியில் நன்றாக இருந்தது. மே மாதத்தில் பிள்ளைகள் கையில் எடுத்ததும் விரலெல்லாம் சாக்லேட். எங்கள் ஊர் வெயிலில் அது உருகாமல் என்ன செய்யும்? கருப்பட்டியிலும் செய்தேன். சாயல்குடிப் பக்கமிருந்து வந்த நல்ல கருப்பட்டி, கோகோவோடு சேர்ந்தால் அந்த மணத்துக்கு ஈடே இல்லை. ஆனால் கருப்பட்டி ஈரத்தைச் சர்க்கரையைவிட அதிகமாக இழுக்கும். டோனட் மேல் அது எப்போதும் பிசுபிசுவென்றே இருந்தது. கருப்பட்டியை விடமாட்டேன் என்பவர்கள் மாவுக்குள் போடுங்கள். சர்க்கரை 90 கிராமில் பாதியை நைசாகச் சீவின கருப்பட்டியாக மாற்றலாம், டோனட் இன்னும் மெத்தென்று வரும். வெளியே பூசாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் வீட்டுக்காரர் வீட்டில்தான். வலையைப் பிரித்துப் போட்டு ஒட்டுப்போடுவார், நடுவில் வந்து அடுக்களையில் எட்டிப்பார்த்து, "இன்னைக்கும் அழுவுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து ட்ரேயைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தை எழுந்து போய் மேல்தட்டிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்துவந்து என் முன்னால் திறந்தார். சீனிச்சேவு, பொரித்த சேவைச் சீனிப்பாகில் புரட்டினது. பத்து நாளுக்கு முன்னால் அவர் கையால் போட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தேன், மொறுமொறுவென்று உடைந்தது. மேலே சர்க்கரை வெள்ளையாகப் பூத்து, காய்ந்து, கையில் ஒட்டாமல்.

"ஏத்தா, இதுவும் சீனிதான். இது அழுவுதா?"

அதே அடுக்களை, அதே காற்று, பத்து நாள். பதிலே இல்லை என்னிடம்.

அத்தை சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சர்க்கரையைப் பச்சையாகக் குழப்பினால் அது தண்ணீரோடு கிடக்கும். பாகாகக் காய்ச்சினால் தண்ணீரை அடுப்பிலேயே போக்கிவிடலாம், காற்றிடம் கெஞ்சவேண்டியதில்லை. பிறகு நானே கணக்கைத் தேடிப் படித்தேன். 100 கிராம் தண்ணீர் 30 டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய 220 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்கும். கொதிநிலையில் 480 கிராமுக்கு மேல். அதாவது கம்பிப் பதத்தில் இறக்கின பாகு, ஆறும்போது தான் சுமக்க முடிகிறதைவிட அதிகச் சர்க்கரையைச் சுமந்துகொண்டிருக்கிறது. கரண்டியால் கலக்கினால் அந்த அதிகப்படி மணி மணியாகப் பிரிந்து இறுகும். இதைத்தான் அத்தை பூக்கிறது என்கிறார். ஈரம் போகவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், சூடு போனாலே இறுகிவிடும். சூடு எந்தக் கடற்கரையிலும் போகும்.

செய்யும் விதம் இது. அடிகனமான சட்டியில் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைந்து கொதிக்கட்டும். வேறொரு கிண்ணத்தில் வெண்ணெய் 20 கிராமை உருக்கி, சலித்த கோகோ 20 கிராமையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு விழுதாகக் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். கோகோவை முதலிலேயே பாகில் போட்டால் பதம் பார்க்க முடியாது, அந்தக் கறுப்பில் கம்பி எங்கே தெரியும்? பாகைக் கரண்டி நுனியில் எடுத்து லேசாக ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் ஒற்றைக் கம்பி அறுந்துபோகாமல் நிற்கவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 105, 106 டிகிரி. அத்தை வெப்பமானியைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் இரண்டு தடவை அவர் "இப்ப எறக்கு" என்ற இடத்தில் நான் முள்ளைப் பார்த்தேன், 105, 106 என்றுதான் இருந்தது.

அடுப்பை அணைத்து, கோகோ விழுதைப் போட்டுக் கலக்குங்கள். முதலில் கறுப்புத் தேன் மாதிரி மினுமினுக்கும். கரண்டியின் பின்பக்கத்தால் சட்டியின் ஓரத்தில் பாகைத் தேய்த்துத் தேய்த்து எடுங்கள். சீனிச்சேவுக்கு அத்தை செய்வது இதேதான். ஓரத்தில் தேய்த்த இடம் கொஞ்சம் மங்கி, மணல் பூத்தது மாதிரி ஆகும். அந்த நொடி முக்க ஆரம்பிக்கவேண்டும். அதற்கு முன்னால் முக்கினால் மெல்லிசாக வழிந்துவிடும், தாமதித்தால் சட்டியிலேயே சாக்லேட் பர்ஃபி ஆகிவிடும். இறுகிவிட்டால் பயப்படவேண்டாம். ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டு லேசாகச் சூடுகாட்டினால் திரும்ப இளகும். சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் உட்காரவைத்துக்கொண்டால் 24 முக்கி முடிக்கும்வரை பதம் நிற்கும். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

பாதுஷாவுக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் எலுமிச்சை பிழிவார்கள், நாமும் பிழியலாமா என்று என் தங்கை கேட்டாள். கூடாது. பாகு பூக்காமல் இருக்கத்தான் அவர்கள் எலுமிச்சை விடுகிறார்கள். இங்கே பூப்பதற்குத்தான் இத்தனை பாடு. அதே காரணத்துக்காகத் தேனும் வேண்டாம்.

முக்குவதில் எனக்குக் கை சுடும், டோனட் உடையும், பாதி சட்டிக்குள் விழும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வலையை வைத்துவிட்டு வந்து, தென்னை ஈர்க்கு ஒன்றைக் கழுவிச் சீவி, டோனட்டின் துளையில் நுழைத்து, பாகில் ஒரு முக்கு, ஒரு சுழற்று, மேலே தூக்கி இரண்டு தட்டு, கம்பித் தட்டில் இறக்கு என்று போட்டுக்கொண்டே போனார். வருடக்கணக்காக வலை பின்னின விரல்கள். 24 டோனட், ஆறு நிமிடம். எல்லாப் பக்கமும் ஒரே சீராக, கடையில் வாங்கினது மாதிரி. தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் ஒரு தடவை வெந்நீர் விடவேண்டியிருக்கிறது.

பத்து நிமிடத்தில் இறுகிவிடும். ஐசிங் சுகர்க் கிளேஸின் கண்ணாடிப் பளபளப்பு இதில் கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். வெல்வெட் துணி மாதிரி மங்கலான ஒரு மினுக்கம்தான். பல் பட்டதும் மெல்லிசாக உடைந்து உள்ளே கரையும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. படம் எடுத்துப் போட விரும்புகிறவர்களுக்குப் பளபளப்பு இல்லாதது குறையாகப் படலாம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்தைத் தாண்டினால் காய்ந்த சர்க்கரையே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் துணியே காயாத நாட்களில் பாகும் தோற்கும். அந்த நாட்களில் டோனட்டைச் சுட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் முக்குகிறேன். சீனிச்சேவு டின்னின் மூடியை அத்தை ஏன் அவ்வளவு இறுக்கமாக மூடுகிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

நாத்தனார் ராமேஸ்வரத்தில் இருக்கிறார். அவர்கள் வீட்டில் முட்டை சேராது. முட்டைக்குப் பதிலாக இன்னும் மூன்று டேபிள்ஸ்பூன் தயிர் சேர்க்கிறேன். கொஞ்சம் உதிரும், அதனால் ஈர்க்கில் கோக்காமல் இரண்டு முள்கரண்டியால் தாங்கி முக்கவேண்டும். பேருந்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக வருகிற உப்புக்காற்று இருக்கிறதே, அதில் திறந்த டப்பா வைத்திருந்தால் முடிந்தது. டோனட் முழுக்க ஆறின பிறகு, எண்ணெய்க் காகிதம் இட்டு ஒற்றை அடுக்காக, இறுக மூடின டப்பாவில்தான் போகும். ஆறாமல் மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். முதல் தடவை அனுப்பியபோது நாத்தனார் போனில், "அண்ணி, இது வாங்கினதா, செஞ்சதா?" என்றார். நான் பதில் சொல்லாமல் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு விளையாட்டும் உண்டு. எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சாக்லேட்டில் மிளகாய் போடுவார்களாமே என்று ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைப் பாகில் கலந்தேன். பெரியவர்களுக்குப் பிடித்தது. தொண்டையில் இறங்கின பிறகு மெல்ல ஏறும் ஒரு சூடு. மகளிடம் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு டோனட் அழவில்லை, அவள்தான் அழுதாள்.

எல்லாம் முக்கி முடித்ததும் சட்டியின் அடியிலும் ஓரத்திலும் பாகு ஒட்டிக் காய்ந்து கிடக்கும். அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். ஒரு டம்ளர் பாலை அதிலேயே ஊற்றி அடுப்பில் வைத்துச் சுரண்டிவிட்டால் ஒட்டியதெல்லாம் கரைந்து நல்ல கோகோப் பால். எங்கள் வீட்டில் அது யாருக்கு என்று ஒவ்வொரு தடவையும் சண்டை வரும். பதம் பார்த்துச் சொன்னவருக்குத்தான் என்று அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.